இறாலுக்கு வேர்க்காது சார்!

மனுஷனுக்கு வெயிலடித்தால் வேர்க்கும். நாய்க்கு அவ்வளவாக வேர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டுச் சமாளித்துவிடும். எருமை யாரையும் கேட்காமல் குட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால், பிறந்ததிலிருந்தே குட்டைக்குள் இருக்கிற ஜீவன் எங்கே சார் போகும்?

இறாலைச் சொல்கிறேன். சுற்றியிருக்கும் தண்ணீர் என்ன சூடோ, அதே சூடுதான் அதன் உடம்பும். தண்ணீர் 32 டிகிரி என்றால் இறாலும் 32 டிகிரி. 'காய்ச்சல்' என்று லீவு லெட்டர் கொடுக்கக்கூட அதற்கு வழியில்லை.

உடனே மிளகு, பூண்டு என்று மனசு அலைய வேண்டாம். நான் சொல்வது குழம்பு இறால் அல்ல. வீட்டில் கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கிற செர்ரி இறால். நல்ல குங்குமச் சிவப்பு. முழுசாக வளர்ந்தாலும் ஓர் அங்குலம் தேறினால் பெரிய விஷயம். பாசியை நாள் பூரா மேய்ந்துகொண்டே இருக்கும். டி.வி. சீரியலைவிடச் சுவாரஸ்யம். யாரும் அழுவதில்லை என்பது கூடுதல் லாபம்.

திருப்பூரில் எனக்குத் தெரிந்தே ஏழெட்டு பேர் இந்தப் பைத்தியம் பிடித்து அலைகிறோம். நிட்டிங் மெக்கானிக் ஒருவர், மெர்ச்சண்டைசர் ஒருவர், பகலில் பனியன் கம்பெனிக்குக் கணக்கும் ராத்திரியில் பத்திரிகைக்குக் கட்டுரையும் எழுதுகிற அடியேன் ஒருவன். தமிழ்நாட்டு அலங்கார மீன் வியாபாரத்துக்குத் தலைநகர் மாதிரி இருக்கிற சென்னை கொளத்தூரிலிருந்து, தெர்மாகோல் பெட்டியில் ராத்திரி வண்டியேறி வந்த இறால்கள்தான் எங்கள் வீட்டில் இருப்பவை.

எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா முதல் நாளே தொட்டியை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இது சென்னாக்கூனிதானுங்? உசுரோடவே விக்கிறாங்களா? என்ன வெலைங்?"

"முப்பது ரூபாங்க."

"கிலோவா?"

"ஒண்ணுங்க."

அந்தம்மா பதில் பேசாமல் மாடியேறிப் போனார். வாடகையை உயர்த்துவது பற்றி அன்றிலிருந்து தீவிரமாக யோசிப்பதாகக் கேள்வி.

வாங்கினது கார்த்திகை மாதம். அப்போது எல்லாம் சுபம். பங்குனி பிறந்ததும்தான் கதையே ஆரம்பிக்கிறது.

வெயில் ஏன் ஆகாது?

"இறால் பண்ணையெல்லாம் நாகப்பட்டினம் பக்கம் வெட்டவெளியில்தானே இருக்கு? வெயில்லதானே வளருது?" என்று கேட்காதவர்கள் கிடையாது. அது வேறு குடும்பம் சார். அங்கே வளர்வது பெரும்பாலும் வனாமி. பசிபிக் கரையோரத்து லத்தீன் அமெரிக்க ஜாதி. 30 டிகிரி தண்ணீரில் குஷியாக வளரும். நம்ம செர்ரி இறாலோ சீனா, தைவான் பக்கத்து ஓடைகளிலிருந்து வந்த நன்னீர் ஜாதி. 18 முதல் 28 டிகிரி வரை சௌகரியமாக இருக்கும். (எல்லாமே செல்சியஸ் கணக்கு. 28 என்பது ஃபாரன்ஹீட்டில் 82 சொச்சம்.) 30-ஐக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும். 32, 33 என்று ஏறினால் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பிக்கும்.

சாய்வதற்குச் சூடு மட்டும் காரணமில்லை. மூச்சும் காரணம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரத்தில் சூடு ஏற ஏற இறாலின் உடம்பு வேகமாக வேலை செய்யும். அதற்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். அதாவது, சம்பளம் குறைகிற மாதம் பார்த்து வீட்டுச் செலவு எகிறுகிற மாதிரி. ராத்திரியில் தொட்டிச் செடிகளும் ஆக்சிஜனை வெளிவிடுவதை நிறுத்திவிடும், சுவாசிப்பதை மட்டும் நிறுத்தாது. வெயில் கால மரணங்கள் பெரும்பாலும் விடியற்காலையில் நடப்பது இதனால்தான். அழுகுகிற தீனியிலிருந்து வரும் அம்மோனியாவின் விஷமும் சூட்டில் கூடும்.

அறிகுறி பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். இறால்களெல்லாம் மேல்மட்டத்திலோ, காற்றுக்குமிழி வருகிற இடத்திலோ கூடி நின்றால் முதல் மணி. காரணமில்லாமல் தொட்டி முழுக்க ஓடினால் இரண்டாவது மணி. மேயாமல் தரையில் உட்கார்ந்துவிட்டால் மூன்றாவது மணி. படம் முடியப் போகிறது.

2024 ஏப்ரலில் பக்கத்து ஈரோட்டில் பல நாள் 40 டிகிரியைத் தாண்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதே வருஷம் அக்டோபரில் வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது. மனுஷனுக்கே பேரிடர் என்றால், ஓரங்குல இறாலுக்கு?

பி.காம். கணக்கு

தொட்டியைக் குளிர வைப்பதற்கென்றே 'சில்லர்' என்ற மெஷின் விற்கிறார்கள். பத்தாயிரத்துக்குக் குறைந்து பேசமாட்டார்கள். இருக்கிற இறாலெல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சொத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் பாதுகாப்பு போடச் சொல்லி எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். போதாக்குறைக்கு, தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை அது உங்கள் ஹாலில்தான் கொட்டும்.

எனவே, பி.காம். மூளையைத் தட்டினேன். வருவதைப் பற்றில் எழுது, போவதை வரவில் எழுது என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்களே... அந்தக் கணக்குதான். தொட்டிக்குள் சூடு எந்த வழியாக வருகிறது? அறைக் காற்று. மேற்குச் சுவர். மேலே எரிகிற விளக்கு. உள்ளே ஓடுகிற மோட்டார். எந்த வழியாகப் போகிறது? அறையே தண்ணீரைவிடச் சூடாக இருக்கும்போது, வெளியே போக ஒரே வழிதான் பாக்கி. ஆவி!

தண்ணீர் ஆவியாகும்போது சும்மா போகாது. போகிற வழியில் தண்ணீரின் சூட்டையும் மூட்டை கட்டிக்கொண்டு போகும். அந்த மூட்டை எவ்வளவு பெரிசு தெரியுமா? 50 லிட்டர் பிடிக்கிற ரெண்டடித் தொட்டியில், ஒரு டீ கிளாஸ், அதாவது 90 மில்லி தண்ணீர் ஆவியானால் போதும்; வேறு சூடு உள்ளே வராத பட்சத்தில் மொத்தத் தொட்டியும் ஒரு டிகிரி இறங்கிவிடும். ஒரே ஒரு டீ கிளாஸ்!

இன்னொரு கணக்கு. ஒரு கிலோ ஐஸ் உருகினால் எவ்வளவு சூட்டை எடுக்குமோ, அதைப்போல ஏழு மடங்கை ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி எடுத்துவிடும். ஐஸ் செய்ய ஃப்ரிட்ஜ் வேண்டும், கரன்ட் வேண்டும். ஆவிக்குக் காற்று போதும்.

ஆக, இறாலுக்கு வேர்க்காது. அதற்குப் பதிலாகத் தண்ணீருக்கு வேர்க்க வைக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுற்றுகிற சின்ன ஃபேன் ஒன்று. பழைய மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர் ஒன்று. மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர் மேலாகச் சாய்வாகக் காற்று வீசுகிற மாதிரி ஃபேனை ஓரத்தில் இறுகப் பொருத்த வேண்டும். மூணு வாட்தான் இழுக்கும். 24 மணி நேரமும் ஓடினாலும் மாதத்துக்கு ரெண்டு யூனிட் சொச்சம். அந்த ஃபேன் ஒரு நாளைக்கு ஒரு லிட்டரை ஆவியாக்கினால், 28 வாட் அளவுக்குச் சூட்டை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். மூணு போட்டு இருபத்தெட்டு எடுக்கிற முதலீட்டை எந்தச் சீட்டுக் கம்பெனியும் தராது. (தருகிறேன் என்று சொல்கிற கம்பெனிப் பக்கம் போகாதீர்கள்.)

230 வோல்ட் டேபிள் ஃபேனைத் தொட்டி மேல் சாய்த்து வைக்கிற வீரம் மட்டும் வேண்டாம். தண்ணீரில் விழுந்தால் இறாலைப் பற்றிக் கவலைப்பட நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

பெரியப்பாவின் இரட்டை தெர்மாமீட்டர்

ஃபேன் வைத்த முதல் வாரம் தண்ணீர் 32-லிருந்து 28-க்கு இறங்கியது. இரண்டாவது வாரம் ரெண்டு நாள் மழை மேகம். வெயிலே இல்லை, ஆனால் தண்ணீர் 30. அதே ஃபேன், அதே தொட்டி! ஃபேன்தான் ஏமாற்றுகிறதோ என்று அதை முறைத்துக்கொண்டிருந்தபோது, உடுமலையிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். ஸ்பின்னிங் மில்லில் ஹியுமிடிஃபிகேஷன் பிளான்ட் பார்த்து ரிடையர் ஆனவர்.

"ஃபேனைக் குத்தம் சொல்லாத கண்ணு. காத்துக்குத் தாகம் இல்லை. அது எப்படித் தண்ணி குடிக்கும்?" என்றார்.

மில்லுக்குள் போனவர்களுக்குத் தெரியும். சுவரில் ஜோடியாக ரெண்டு தெர்மாமீட்டர் தொங்கும். ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் அடிக்குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். காற்று வறண்டிருந்தால் ஈரத்துணி வேகமாகக் காயும். அந்த தெர்மாமீட்டர் நிறைய இறங்கிக் காட்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் அதிகம் இறங்காது. பருத்தி நூலுக்கு ஈரம் குறைந்தால் அறுந்து தொலைக்கும் என்பதால், மில்லில் இந்த ரெண்டு எண்ணையும் பார்த்துப் பார்த்துக் காற்றில் ஈரத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

இந்தச் சங்கதியில் பருத்தி மில்லுக்கு ஒரு பெருமை உண்டு. 'ஏர் கண்டிஷனிங்' என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பெயரை 1906-ல் வைத்தவர் அமெரிக்காவில் வடக்கு கரோலினாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கிராமர் என்ற ஜவுளி மில் இன்ஜினீயர். ஆபீசரைக் குளிர வைக்க அல்ல. மில் காற்றில் ஈரத்தைச் சேர்த்து நூலைக் காப்பாற்ற! முதலில் சொகுசு நூலுக்கு, மனுஷனுக்கு அப்புறம்தான்.

பெரியப்பா சொன்ன சூத்திரம் இதுதான்: எத்தனை ஃபேன் வைத்தாலும், ஈரத்துணி தெர்மாமீட்டர் காட்டுகிற எண்ணுக்குக் கீழே தண்ணீரை இறக்க முடியாது. நடைமுறையில் அதுவரைகூட இறங்காது. கண்ணாடி வழியாகச் சூடு உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும்.

காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால், ஈரத்துணி எண் சுமார் 22. எங்கள் ஊர் சித்திரை மத்தியானம் பல நாள் இந்த ரகம்தான். ஃபேனுக்கு நல்ல வேட்டை. அதுவே காற்று 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், ஈரத்துணி எண் 29. கடற்கரை ஊர்களில் இப்படித்தான் இருக்கும். சென்னை நண்பர்கள் 'உன் ஃபேன் வைத்தியம் பலிக்கலை' என்று கோபித்துக்கொள்வது அதனால்தான். அவர்கள் தொட்டியை ஏ.சி. இருக்கிற அறைக்கு மாற்றுவதே மேல். ஜப்பானில் உருவாக்கிய 'கிரிஸ்டல் ரெட்' ஜாதி இறாலெல்லாம் 25 டிகிரிக்கு மேலே போனாலே முகம் சுளிக்கும். ஏ.சி. இல்லாத திருப்பூர்க்காரர் அதன் பக்கமே திரும்பாமல் இருப்பது நலம்.

ரெண்டு சாதாரண தெர்மாமீட்டர் வாங்கி, ஒன்றில் ஈரத்துணியைச் சுற்றி, கொஞ்ச நேரம் விசிறிவிட்டுப் பாருங்கள். ரெண்டுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் இருந்தால் ஃபேன் போதும். மூணு, நாலுதான் என்றால் வேறு வழி தேடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடின அறையில் தொட்டியிலிருந்து போன ஈரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பனியன் வைத்தியம்

அந்தக் காலத்து லாரிகளின் முன்னால் கித்தான் தண்ணீர்ப் பை தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? துணியில் கசிகிற ஈரம் காற்றில் காய்ந்து, உள்ளே இருக்கிற தண்ணீர் சில்லென்று இருக்கும். மண்பானையும் அதே சூத்திரம்தான். கண்ணாடித் தொட்டி கசியாது. (கசிந்தால் அது வேறு பிரச்னை.) அதனால் தொட்டிக்குச் சட்டை போட்டுவிட வேண்டும்.

துணிக்குப் பஞ்சமான ஊரா இது? ஆனாலும் எந்தத் துணி என்பதில்தான் சூட்சுமம். நிட்டிங் மெஷினிலிருந்து வந்த கோரா துணி உதவாது. பருத்தியின் இயற்கை மெழுகு அப்படியே இருக்கும். தண்ணீர் மேலேயே உருண்டோடும். புதுச் சாயத் துணி கிட்டவே வேண்டாம்; அதிலிருக்கிற ரசாயனம் தொட்டியில் சொட்டினால் கதை கந்தல். பாலியஸ்டர் டி-ஷர்ட் பருத்தியைப் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. ஆகச் சிறந்தது, நாலு வருஷம் துவைத்துத் துவைத்து நைந்துபோன வெள்ளைப் பருத்தி பனியன்!

அலமாரியைத் திறந்தபோது என் மனைவி ரொம்ப சந்தோஷப்பட்டாள்.

"ஏங்க, இந்த ஓட்டை பனியனை இத்தனை நாளா நீங்க போட்டுட்டிருந்ததுக்கு இப்பவாச்சும் ஒரு நியாயம் கெடைச்சுதே!"

பனியனை நனைத்துத் தொட்டியின் மூன்று பக்கமும் ஒட்ட வேண்டும். கீழ் நுனி ஒரு தட்டுத் தண்ணீரில் மூழ்கியிருந்தால் துணியே உறிஞ்சிக்கொள்ளும். மேல் நுனி மட்டும் தொட்டித் தண்ணீரில் தொங்கக்கூடாது. ராத்திரி முழுக்க அது திரி மாதிரி உறிஞ்சி, காலையில் பாதித் தொட்டியை ஹாலில் பரப்பி வைத்திருக்கும்.

தொட்டி இருக்கிற இடமும் முக்கியம். சிமென்ட் ஷீட் கூரை வீட்டில் மேலே போகப் போகச் சூடு. அதனால் தொட்டி தாழ்வாக இருக்கட்டும். மேற்குச் சுவர் ஆகாது. பகலில் விளக்கை அணைத்துவிட்டு, ராத்திரி ரெண்டு, மூணு மணி நேரம் போடுங்கள். மூடிக்குப் பதில் கொசுவலைத் துணி. இல்லாவிட்டால் எங்கள் வீட்டுப் பல்லி அதை ஓட்டல் என்று நினைத்துவிடும்.

இதெல்லாம் செய்யாதீர்கள்

ஐஸ் பாட்டில்: ஒரு லிட்டர் ஐஸ் பாட்டிலை 50 லிட்டர் தொட்டியில் மிதக்கவிட்டால் ரெண்டு டிகிரி சட்டென்று இறங்கும். உருகி முடிந்ததும் திரும்ப ஏறும். இறாலுக்கு நிலையான 29-கூடப் பரவாயில்லை. 31-க்கும் 26-க்கும் ஊஞ்சலாடுவது ஆகாது. தோலுரிக்கிற நேரத்தில் இந்த அதிர்ச்சி கிடைத்தால் பழைய ஓட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு செத்துப்போகும். ஆபத்துக்கு மட்டும் சின்ன பாட்டில், ஒவ்வொன்றாக.

போர் தண்ணீர்: ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலிலும் நிலத்தடியிலும் இறங்கி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னவரைக்கும் போன ஊர் இது. பல இடங்களில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரைத் தினம் ஒரு லிட்டர் ஊற்றினால், 50 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 30 கூடும். ஒரே மாதத்தில் 900. தனிவட்டி மாதிரி! குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீராலோ, சுத்தமான மழைத் தண்ணீராலோ நிரப்புங்கள்.

ஏ.சி.யில் சொட்டுகிற தண்ணீர்: பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அது செம்புக் குழாய்களைத் தொட்டு வருகிற தண்ணீர். செம்பு கொஞ்சம் கூடினாலும் இறாலுக்கு எமன்.

கொசு விரட்டி, கரப்பான் ஸ்ப்ரே: இறால் என்பது தண்ணீரில் வாழ்கிற பூச்சிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. பூச்சியைக் கொல்கிற மருந்து அதையும் கொல்லும். தொட்டி மேலே ஃபேன் வேறு ஓடினால், மருந்தைக் கையைப் பிடித்து அழைத்து வந்து தண்ணீரில் விடுகிற மாதிரி.

ஷட்-டவுன் தினம்

2012-ல் சென்னை தவிர்த்த தமிழ்நாடு பாதி நாள் இருட்டில் கிடந்ததே, அந்த அளவுக்கு இப்போது மின்வெட்டு இல்லை. ஆனால் 'மாதாந்திரப் பராமரிப்புப் பணி' என்று பேப்பரில் ஒரு பொட்டி வரும். காலை 9 முதல் மாலை 5 வரை. போன மே மாதம் எங்கள் ஏரியா பெயர் அந்தப் பொட்டியில் வந்தது. அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த வாரம்.

சரியாக அந்த நேரத்தில்தான் ரெண்டு தாய் இறால்கள் முட்டை சுமந்துகொண்டிருந்தன. வயிற்றுக்கு அடியில் கொத்தாக இருபது, முப்பது முட்டை. மூன்று, நாலு வாரம் சுமக்கும். கால்களால் விசிறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் ரொம்பச் சூடானால் தாய் முட்டைகளை உதறிவிடுவது உண்டு. முட்டைக்குள் கண் புள்ளி தெரிகிறதென்று ரெண்டாங்கிளாஸ் படிக்கிற என் மகள் ஸ்கூல் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஒன்பது மணிக்குக் கரன்ட் போனது. தண்ணீர் 27 அரை. ஈரப் பனியனைச் சுற்றினோம். பனை ஓலை விசிறியால் முறை வைத்து வீசினோம்: மகள் பத்து நிமிஷம், மனைவி பத்து நிமிஷம், மீதி நாற்பது நிமிஷம் நான். காற்றுக்குமிழி மெஷினும் நின்றுவிட்டதால், அரை மணிக்கு ஒரு தரம் டம்ளரில் மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினோம். மகள் நோட்டுப் போட்டு மணிக்கு மணி எழுதினாள். 11 மணிக்கு 28. ஒரு மணிக்கு 29. மூணு மணிக்கு 30.

"அப்பா, ஒண்ணு மேல வந்து நிக்குது!" என்றாள். குரல் உடைந்திருந்தது.

ஃப்ரிட்ஜில் காலையிலேயே வைத்திருந்த கால் லிட்டர் ஐஸ் பாட்டிலை அப்போதுதான் எடுத்து மிதக்கவிட்டேன். 29 அரை. அஞ்சு மணிக்கு வரவேண்டிய கரன்ட் 5.40-க்கு வந்தது. ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் மூணு பேரும் தரையிலேயே மல்லாந்தோம்.

ஒன்பதாவது நாள் காலை, கண் இமை முடி அளவில் ஏதோ பாசியில் நகர்ந்தது. எண்ணிப் பார்த்தோம். பதினேழு வரை எண்ண முடிந்தது. அதற்கு மேல் எண்ண விடாமல் அதுகளும் ஓடின, மகளும் குதித்தாள். ரூட்டருக்கென்று விற்கிற குட்டி யு.பி.எஸ். ஒன்றை அன்றைக்கே வாங்கிவிட்டேன். அதுவும் 12 வோல்ட்தான். ஃபேனை அதில் சொருகினால் ஷட்-டவுனிலும் சில மணி நேரம் தாக்குப் பிடிக்கும்.

செக்கிங் அக்கா கேட்ட கேள்வி

இந்தப் பிரதாபத்தையெல்லாம் கம்பெனியில் டீ டைமில் அளந்துகொண்டிருந்தேன். செக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருத்தர், வடையைப் பிய்த்தபடி கேட்டார்.

"இறாலுக்கு 28 டிகிரிதான் ஆகும்னு தெரிஞ்சு வச்சிருக்கீங்க சார். அயர்னிங்ல நிக்கிற பசங்களுக்கு எத்தனை டிகிரி ஆகும்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் இரட்டை தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் அயர்னிங் டேபிள் பக்கத்தில் மாட்டினேன். மத்தியானம் மூணு மணி. சும்மா இருந்தது 37. ஈரத்துணி சுற்றியது 30.

வெளியே அதே நேரத்தில் ஈரத்துணி எண் 23. ஸ்டீம் அயர்ன் விடுகிற ஆவியெல்லாம் ஷீட் கூரைக்குக் கீழேயே சுற்றுகிறது. மேலே நாலு ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பெரியப்பா பாஷையில், காற்றுக்குத் தாகம் இல்லை. வேர்வை காயாமல் வழிகிறது. காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது சார், சட்டையைத்தான் நனைக்கும். ஈரத்துணி எண் 35-ஐத் தொட்டுப் பல மணி நேரம் நீடித்தால் எப்பேர்ப்பட்ட ஆரோக்கியசாலியும் தாங்க முடியாது என்று 2010-ல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். அதற்கு ரொம்ப முன்னாலேயே உடம்பு தள்ளாட ஆரம்பித்துவிடும் என்கின்றன பிறகு வந்த ஆய்வுகள்.

முதலாளியிடம் கருணை மனுவோடு போகவில்லை. கணக்கு நோட்டோடு போனேன். மே மாதத்தில் ரெண்டு மணிக்கு மேல் எத்தனை பீஸ் குறைகிறது, எத்தனை பீஸ் திரும்ப அயர்னுக்கு வருகிறது, எத்தனை ஆள் அரை நாள் லீவு போகிறான் என்று மூணு காலம். பக்கத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் விலை ஒரு காலம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த ரெண்டு தெர்மாமீட்டர் ஐடியா எங்கே புடிச்சீங்க?"

"வீட்டுல இறால் வளர்க்கிறேனுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனாலும் ஒரே வாரத்தில் ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது. எதிர்ச் சுவரில் அடைத்து வைத்திருந்த ஜன்னலையும் திறந்துவிட்டார்கள். இப்போது மூணு மணிக்கு ஈரத்துணி எண் 26. அயர்னிங் பையன்கள் அந்த தெர்மாமீட்டரைத் தாங்களே பார்த்துச் சொல்கிறார்கள். மூணாவது ஃபேன் 'அடுத்த ஷிப்மென்ட் பணம் வந்ததும்' வருமாம்.

போன வாரம் செக்கிங் அக்கா என்னை வழிமறித்தார்.

"சார், அடுத்து வீட்டுல என்ன வளர்க்கப் போறீங்க?"

"ஏனுங்க்கா?"

"நெறையத் தண்ணி குடிக்கிற ஜீவனாப் பார்த்து வளருங்க. எங்க செக்‌ஷன் குடிதண்ணி கேனும் மத்தியானத்துக்கு மேல காலியாத்தான் கெடக்குது."